ஜெயபாண்டி என்ற பெயரில் பல் காட்டியவன் எழுதுவது

இராஜபாளையம்,
புதன்கிழமை, காலை பத்தரை மணி.

பெருமதிப்பிற்குரிய ஐயாதுரை அண்ணாச்சி அவர்களுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வரவிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பன் பால்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி வெள்ளைத்தாயும் மகன் சூர்யபிரகாஷும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் மதினியும் தங்கள் மகள் டாக்டர் சத்யப்பிரியாவும் அதே போல இருக்க ஆண்டாள் துணை நிற்கவேண்டும். இதில் தங்கள் மகள் நலமாக இருப்பதை நேற்று நானே நேரில் பார்த்துவிட்டேன். அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

போன் போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் என்றால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும், "சும்மாதான் கூப்பிட்டேன் அண்ணாச்சி, மழை உண்டா" என்று கேட்டு வைத்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நமக்கு முன்னால் நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிடுவார்கள். தாங்களோ போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒட்டின உறையின் அருமை தெரிந்தவர். ஆகவே கடிதம். ஒரே ஒரு வேண்டுகோள்: இதைத் தங்கள் மகளிடம் மட்டும் காட்டிவிட வேண்டாம். படித்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து, தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் பூவும் பழமும் வைத்த தட்டோடு படியேறி வரும்போது, "இவரு நம்ம கிளினிக்குக்கு வந்த தளவாய்புரம் ஜெயபாண்டி ஆச்சே!" என்று தங்கள் மகள் கேட்பார். அதோடு என் மகனுடைய கல்யாணம் வாசப்படியிலேயே முடிந்துபோகும்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் இருவருக்கும் வேண்டப்பட்ட ஜவுளிக்கடை மதார் சாகிப், தங்கள் மகளுடைய ஜாதகத்தையும் போட்டோவையும் எங்களிடம் கொடுத்துவிட்டு, என் மகனுடைய பயோடேட்டாவைத் தங்களிடம் கொண்டுவந்து தந்தார் அல்லவா, அன்றைக்கே எனக்குக் கை பரபரவென்று இருந்தது. நம் பக்கத்தில் முறையாகப் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிற வழக்கம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. பெண் கோவிலுக்கு வந்தால் கோவிலில் பார்ப்போம், பேங்கில் வேலை என்றால் ஒரு செலானை நிரப்பிக்கொண்டு போய்ப் பார்ப்போம். என் தம்பி பெண்டாட்டியை ரேஷன் கடை வரிசையில் இரண்டு மணி நேரம் பின்னால் நின்று பார்த்தோம், அப்படியே சீனியும் வாங்கிக்கொண்டு வந்தோம். ஆனால் பெண் பல் டாக்டராக இருந்தால் என்ன செய்வது? பல்லைக் கொண்டுதான் போகவேண்டும்.

அண்ணாச்சி, நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். டிக்கெட் எடுக்காதவனைப் படியில் ஏறும்போதே முகத்தை வைத்துப் பிடிப்பேன். ஜன்னல் வழியாக மலையை அளவுக்கு மீறி ரசிப்பவன், தூங்குகிற மாதிரி இமையை மட்டும் மூடியிருப்பவன், நான் கேட்பதற்கு முன்னாலேயே சட்டைப் பையைத் தடவுகிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. இந்தக் கண்ணுக்கு ஒரு மருமகளை எடை போடத் தெரியாதா என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. எந்தப் பல்லைச் சொல்லிப் போவது என்று கேட்டபோது யோசனை கொடுத்தது வெள்ளைத்தாய்தான். "கடவாப் பல்லு வலிக்குன்னு சொல்லுங்க. அதுதான் வாய்க்குக் கடேசில கெடக்கு. எட்டிப் பாக்கவே அந்தப் புள்ளைக்குச் செத்த நேரம் ஆவும், நீங்களும் மொகத்த நல்லாப் பாத்துக்கிடலாம்" என்றாள். மகனிடம் ஆண்டாள் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

தேரடி பக்கத்தில் இருக்கிற தங்கள் மகளுடைய கிளினிக்கில் செல்வலட்சுமி என்ற பெண் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னது. பெயர் ஜெயபாண்டி, ஊர் தளவாய்புரம், தொழில் தென்னந்தோப்பு என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துப் பொய்யாக எழுதினேன். கடைசியில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது, அதையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் "ஜெயபாண்டி, ஜெயபாண்டி" என்று அந்தப் பெண் கூப்பிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டபோது எனக்கே பொறுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம், "யாருய்யா அந்த ஜெயபாண்டி, காது கேக்காதா?" என்று கேட்டேன். செல்வலட்சுமி என் முன்னால் வந்து நின்று, "ஐயா, அது நீங்கதான?" என்றது.

தங்கள் மகளைப் பார்த்ததும் எழுந்து கும்பிடத் தோன்றியது, அண்ணாச்சி. போட்டோவில் பார்த்ததைவிட அழகு என்பதை விடுங்கள், அது வெள்ளைத்தாய் பார்க்கவேண்டிய கணக்கு. நான் பார்த்தது வேறு. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தங்கள் மகள் அவசரப்படுத்தாமல், அவருடைய வெள்ளரித் தோட்டத்தைப் பற்றிக் கேட்டு, அவர் பேசப் பேச வாய் திறந்திருக்கும்போதே எட்டிப் பார்த்து வேலையை முடித்துவிட்டார். அந்தச் சாமர்த்தியம் எனக்கு வேலையில் இருந்த காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ சண்டை மிச்சமாயிருக்கும்.

பிறகு என் முறை. "எந்தப் பக்கம் ஐயா?" என்றார். இடது பக்கம் கீழே என்றேன். "எம்புட்டு நாளா?" என்றார். பத்து நாளாகக் கண் மூடவில்லை என்றேன். ஒரு சின்னக் கம்பியால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட "ஆ" என்று கத்தினேன். மேலே தட்டினார், அதற்கும் கத்தினேன். இன்னொரு இடத்தில் தட்டியபோதும் விடாமல் கத்தினேன். "அது வலது பக்கம் ஐயா" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அப்புறம் தலையைச் சுற்றிவந்து வாய் முழுவதையும் எடுக்கிற எக்ஸ்ரே ஒன்றை எடுத்துத் திரையில் காட்டினார். என் பல் எல்லாம் பல்லவன் காலத்துக் கல்வெட்டு மாதிரி வரிசையாகத் தெரிந்தது.

"ஐயா, நீங்க வலிக்குதுன்னு சொல்ற இடது பக்கத்துக் கடவாப் பல்லு, ஞானப் பல்லும்பாகளே அது, நேரா முளைச்சிருக்கு. மேல் பல்லோட ஒழுங்கா சேருது, பிரஷ் போய்வர இடம் இருக்கு, ஈறு சுத்தமா இருக்கு. இதை எடுக்கவேண்டிய அவசியமே இல்ல" என்றார். என்னுடைய செக்கிங் புத்தி சும்மா இருக்குமா? காசுக்கு ஆசைப்படுகிற டாக்டரா என்று பார்த்துவிடலாம் என்று, "பரவாயில்ல டாக்டர், புடுங்கிருங்க, தொல்லை விட்டுச்சுன்னு போறேன்" என்றேன். தங்கள் மகள் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கிற பல்லை எதுக்கு ஐயா புடுங்கணும்? கடவாப் பல்லு இருக்குங்கிறதே ஒரு நோய் கிடையாது" என்றார். அந்த இடத்திலேயே மனசுக்குள் தாம்பூலம் மாற்றிவிட்டேன்.

அதோடு நான் எழுந்து வந்திருக்கவேண்டும். ஆனால் அவர் திரையில் வலது பக்கத்தைக் காட்டினார். அங்கே கீழ்க் கடவாப் பல் நிமிர்ந்து நிற்காமல், பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்குகிறவனைப் போல தனக்கு முன்னால் இருக்கிற பல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள்ளே. "இந்தச் சந்துல சோறு போய் அடையும், பிரஷ் எட்டாது. இவன் சாஞ்ச சாய்ப்புல பக்கத்துப் பல்லோட முதுகு சொத்தையாக ஆரம்பிச்சிருக்கு பாருங்க. இந்தப் பக்கம் எப்பவாச்சும் வீங்குச்சா? வாய் தொறக்க முடியாமப் போச்சா?" என்று கேட்டார். "இல்லவே இல்லை" என்றேன்.

தங்களிடம் மறைக்கமாட்டேன் அண்ணாச்சி. பங்குனியில் ஒரு தடவை வீங்கியது. ஆடியில் மறுபடி வீங்கி, இரண்டு நாள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினேன். வெள்ளைத்தாய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், நான் உப்புத் தண்ணீரிலும் கிராம்பிலும் காலத்தை ஓட்டினேன். காரணம் பயம். பஸ்ஸில் அரிவாளை மடியில் வைத்திருந்தவனிடம் டிக்கெட் கேட்டவன் நான். ஆனால் பல் பிடுங்குகிற இடுக்கியை நினைத்தாலே அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிற ஆள். ஆக, வலிக்காத பல்லை வலிக்கிறது என்றும், வலித்த பல்லை வலிக்கவில்லை என்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பொய் சொன்னேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "வலிக்குதுன்னு மட்டும் எடுக்கிறதும் இல்ல, வலிக்கலைன்னு மட்டும் விடுறதும் இல்ல ஐயா. உங்க வயசுக்கு எலும்பு இறுகியிருக்கும், சும்மா கிடக்கிற பல்லை நான் நோண்டமாட்டேன். ஆனா இது சும்மா கிடக்கிற பல்லு மாதிரி தெரியல. யோசிச்சுட்டு வாங்க" என்றார். அப்புறம் இன்னும் என்னென்னவோ கேட்டார். வீட்டில் யார் சமையல், வீட்டு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் யார் சமைப்பார்கள், கோபம் வந்தால் பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா, யார் மேல் அடிக்கடி கோபம் வரும் என்றெல்லாம் விசாரித்தார். ஒரு பல்லுக்கு இத்தனை விசாரிப்பா என்று பிரமித்துப்போனேன். வைத்தியம் அவ்வளவு வளர்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் மட்டும் உண்மையையே சொன்னேன். நான் ரசம் வைப்பேன், அதை நான் மட்டும்தான் குடிப்பேன் என்றும், கோபம் கிரிக்கெட் பார்க்கும்போது வரும் என்றும் சொன்னேன். கடைசியாக, "மகன் இருக்காகளா? மருமக வந்தா வேலைக்கு விடுவீகளா?" என்றார். "அது என்ன கேள்வி, டாக்டருக்குப் படிச்ச புள்ளைய அடுப்படியில உக்கார வைக்கவா?" என்று வீராப்பாகச் சொன்னேன். மருமகள் டாக்டர் என்று அவர் சொல்லவே இல்லை என்பது எதிர்த்திசையில் கிருஷ்ணன்கோவில் போகிற பஸ்ஸில் தப்பாக ஏறி, இறங்கி, சரியான பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து நான் புகழ்ந்த புகழ்ச்சியில் வெள்ளைத்தாயும் பார்த்தே தீரவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். நேற்று இரண்டு பேரும் போனோம், மறுபடியும் கோவிலுக்குத்தான். எங்கள் பக்தியைப் பார்த்து மகனுக்கே கண் கலங்கிவிட்டது. கிளினிக்கில் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி எதிரெதிரே உட்காருவது என்று ஏற்பாடு. பத்து நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, இந்தப் பக்கம் நீட்டி, "பிரஷர் மாத்திரை போட்டீகளா இல்லையா?" என்று அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டாள். செல்வலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதியது.

நேற்று நடந்த ஒன்றை மட்டும் தாங்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும், பெற்றவருக்கு அந்தப் பெருமை சேரவேண்டும். செட்டியார்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "புள்ளைக்குப் பத்தொம்பது வயசு. கடவாப் பல்லு நாலையும் இப்பவே எடுத்துருங்க. பின்னாடி தொல்லை இல்லையாம்ல, செல்லுல பார்த்தேன்" என்று சத்தம் போட்டார். தங்கள் மகள் அமைதியாக, "செல்லு யாரு வாயைப் பாத்துச் சொல்லுச்சு ஐயா? பாப்பா வாயை நான் பாத்துட்டேன். நாலும் இடம் பார்த்து ஒழுங்கா வந்துக்கிட்டிருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வந்து காட்டுங்க. திரும்பத் திரும்ப ஈறு வீங்குனா, பக்கத்துப் பல்லைக் கெடுத்தா, உள்ள நீர்க்கட்டி வந்தா, அன்னைக்கு நீங்க வேண்டாம்னாலும் நான் விடமாட்டேன்" என்றார். அவர் மதுரைக்கே போகிறேன் என்று மிரட்டினார். "போயிட்டு வாங்க, அவியளும் இதையேதான் சொல்லுவாக" என்று தங்கள் மகள் சிரித்தார். அந்தப் பெண் பிள்ளை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு தங்கள் மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உயிர் கொடுத்த தெய்வத்தைப் பார்க்கிற பார்வை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். எக்ஸ்ரேயை மறுபடி போட்டுவிட்டு, "ஐயா, பயப்படுறவகளை எனக்குப் பிடிக்கும். பயத்துக்கு மருந்து இருக்கு, ஊசி இருக்கு, பேச்சு இருக்கு. பொய் சொல்றவகளைத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. எத்தனை தடவ வீங்குச்சுன்னு எக்ஸ்ரேல தெரியாது, நீங்க சொன்னாத்தான் தெரியும்" என்றார். நான் சுவரில் இருந்த பல் படத்தை ரசித்தேன். டிக்கெட் எடுக்காதவன் மலையைப் பார்க்கிற மாதிரி. இவ்வளவு வயசுக்கு அப்புறம் எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும் வெள்ளைத்தாய், "இந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லிட்டு, ஞாயித்துக்கெழம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவிய? இவளக் கோட்டைவிட்டம்னு வையுங்க, நான் ஒங்க கூடப் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே இன்னும் பேசவில்லை.

இதுதான் அண்ணாச்சி நடந்தது. என் மகனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவன் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மேனேஜர், துணியில் ஒரு இழை குறைந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புகிறவன், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அந்தக் குணம் அவனுக்கு அவன் அம்மா வழியில் வந்தது. தங்கள் மகளுக்குக் கோபம் வந்தால் அது என் மேல் வரட்டும், அவன் மேல் வரவேண்டாம். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், அவர்கள் மட்டும் வரட்டும். இப்படி ஒரு மருமகள் எங்கள் வீட்டுக்கு வர நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது. வராமல் போனால் என்ன பாவம் செய்தேன் என்பது மட்டும் தெரியும், மேலே எழுதியிருக்கிறேன்.

பல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலது பக்கம் இப்போது ஒன்றும் இல்லை, கிராம்புக்கே அடங்கிவிட்டது. மதினிக்கு என் வணக்கம். டாக்டரம்மா தீர்க்காயுசாக, கை நோகாமல், ஊர் வாயெல்லாம் வாழ்த்த வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகும் ஆசையோடு,
பால்சாமி.

பின்குறிப்பு (வியாழக்கிழமை, தங்கள் மகளுடைய கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுவது):

மேலே வலது பக்கம் ஒன்றும் இல்லை என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். இன்று காலை எழுந்தபோது கன்னம் ஒரு பக்கம் புரோட்டா மாவு மாதிரி உப்பிப்போயிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. தபாலில் போட உறையில் வைத்திருந்த இந்தக் கடிதம் சட்டைப் பையில் இருக்க, வெள்ளைத்தாய் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். தங்கள் மகள் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வாயைத் திறந்தேன், வாய் திறந்தால்தானே? வேறு வழி தெரியாமல் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். மகளிடம் காட்டவேண்டாம் என்று தங்களைக் கேட்டிருந்தேன், அதையும் அவர்தான் முதலில் படித்தார்.

முழுவதையும் நின்றுகொண்டே படித்தார். பங்குனியிலும் ஆடியிலும் வீங்கியது என்ற இடத்துக்கு அடிக்கோடு போட்டு, என் பைலில் எழுதிக்கொண்டார். பைலில் ஜெயபாண்டி என்பதை அடித்துப் பால்சாமி என்று மாற்றினார். பிறகு, "எனக்கு மொத நாளே தெரியும் மாமா" என்றார். அவசரத்துக்கு என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் நான் என் மகனுடைய நம்பரை எழுதியிருந்தேனாம். மதார் சாகிப் கொடுத்த பயோடேட்டாவில் இருந்த அதே நம்பர். "நீங்க என்னையப் பாக்க வந்தீக. நானும் உங்க வீட்டப் பாத்துக்கிட்டேன்" என்றார். ரசம், கோபம், மருமகள் வேலைக்குப் போவது எல்லாம் பல்லுக்காகக் கேட்டது இல்லை என்று இப்போதுதான் விளங்கியது. பல்லை இன்றைக்கு எடுக்கமாட்டாராம். வீக்கம் வடிந்து வாய் திறக்கட்டும் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை எடுக்கிறார். எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

அண்ணாச்சி, டிக்கெட் இல்லாமல் நான் பிடித்த எத்தனையோ பேரில் ஒருத்தனைக்கூட உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்ததில்லை. தங்கள் மகள் எனக்குக் கொடுத்தார், சிந்தாமல் குடிக்க ஒரு ஸ்பூனும் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்வலி என்று செல்வலட்சுமி நினைத்துக்கொண்டது.

இந்தக் கடிதத்தை அவரே வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் வருவேன், ஆனால் பேசுவது முழுக்க வெள்ளைத்தாய். என்னால் வாய் திறக்க முடியாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். கீழே இருப்பது தங்கள் மகளுடைய கையெழுத்து.

*அப்பா, ஞாயித்துக்கெழம வடை போட வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. கேசரி மட்டும் கொழைய இருக்கட்டும், மாமாவால மெல்ல முடியாது. மாப்பிள்ளையோட காது செவக்குதா இல்லையான்னு நான் பாத்துக்கிடுதேன். — பிரியா*